ஸ்விட்ச் விழித்தெழும் விதமும் அதனை ஆளும் உரிமையும்

கணினிகள் பத்து இருபது ஒருங்கு சேர்ந்து இயங்கும் எந்த இடத்திற்குச் சென்றாலும், சுவரோரத்தில் ஒரு தட்டையான இரும்புப் பெட்டியைக் காணலாம். அதன் முகத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி. கம்பியின் அருகே கண் சிமிட்டும் ஒரு சிறு விளக்கு. பள்ளியின் கணினி ஆய்வகம், வங்கிக் கிளை, மருத்துவமனை, பத்திரப் பதிவு அலுவலகம் ஆகிய எங்கும் இப்பெட்டி உண்டு. இதற்கு ஸ்விட்ச் என்று பெயர். மின்விளக்கை ஏற்றி அணைக்கும் விசைக்கும் இதே பெயர்தான், தொழில் வேறு. ஒரு கணினி சொல்வதை அதற்குரிய மற்றொரு கணினியிடம் கொண்டு சேர்ப்பதே இப்பெட்டியின் தொழில்.

மாணவர்களே, இப்பெட்டியைப் பற்றி இரண்டு கேள்விகளை இன்று ஆராய்வோம். மின்சாரம் நின்று மீண்டும் வந்தவுடன், இது எதை நினைவிற்கொண்டு எழுகின்றது? எழுந்த பின்னர், யாருடைய சொல்லைக் கேட்டு நடக்கின்றது? முதற்கேள்வி நினைவைப் பற்றியது. இரண்டாவது அதிகாரத்தைப் பற்றியது. இரண்டும் தனித்தனியே நிற்பனபோலத் தோன்றும். இறுதியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காண்போம்.

தொலைபேசியின் வரலாற்றிலிருந்து தொடங்குவது நலம். 1882 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28 ஆம் நாள், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பெற்றன. அக்காலத்தில் ஒருவர் மற்றொருவருடன் பேச விரும்பினால், இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் ஊழியரிடம் சொல்லுதல் வேண்டும். அவர் ஒரு கம்பியை எடுத்து உரிய துளையில் செருகி இருவரையும் இணைப்பார். யாரை யாருடன் இணைப்பது என்னும் அதிகாரம் முழுவதும் அவ்வூழியரின் கையில் இருந்தது.

அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறந்தோரை அடக்கம் செய்யும் தொழிலை நடத்தி வந்தார். தம்மைத் தேடி வரும் அழைப்புகளை இணைப்பக ஊழியர் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக அவர் ஐயுற்றார் என்று கூறுவர். ஐயம் மெய்யோ பொய்யோ, அதன் பயன் பெரிதாயிற்று. இடையில் மனிதர் இல்லாமலே இணைப்பைத் தரும் பொறியை அவர் ஆக்கினார்; 1891 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இணைப்பைக் கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவன் பெரிய அதிகாரம் உடையவன் என்பதை உலகம் அன்றே உணர்ந்துகொண்டது. மனிதன் இருந்த இடத்தில் இன்று பெட்டி இருக்கின்றது. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கட்டளையிடும் மனிதன் இன்னும் இருக்கின்றான்.

கணினிகளைக் கம்பியால் கோத்துப் பேச வைக்கும் ஈதர்நெட் என்னும் முறையை, ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் மெட்கஃப் 1973 இல் வகுத்தார். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒருவர் பேசினால் அனைவர் செவியிலும் விழும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆசிரியர் இல்லாத வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். இக்குறையைத் தீர்க்க வந்ததே ஸ்விட்ச். பல துளைகள் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990 ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதனை நிறுவிய இருவருள் ஒருவர் இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ்; தம் மனைவியின் பெயரையே நிறுவனத்திற்குச் சூட்டினார். அந்த ஸ்விட்சில் இருந்தவை ஏழு துளைகள். 1994 இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஸ்விட்ச் தன் தொழிலை எவ்வாறு நடத்துகின்றது? கம்பி வழியாகச் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொதியின் தலையிலும் அனுப்புபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். இம்முகவரி 48 பிட்டுகளால் ஆனது. பதினாறடிமான எண்முறையில் 12 இலக்கங்களாக எழுதுவர். மூன்றாம் துளையிலிருந்து ஒரு பொதி வந்தால், ஸ்விட்ச் அதன் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, 'இம்முகவரி உடையவர் மூன்றாம் துளைக்கு அப்பால் இருக்கின்றார்' என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பின்னர் அம்முகவரிக்கு வரும் பொதிகளை மூன்றாம் துளை வழியாக மட்டுமே அனுப்பும். முகவரி அட்டவணையில் இல்லையெனில், வந்த துளை நீங்கலாக ஏனைய துளைகள் எல்லாவற்றிலும் அனுப்பிப் பார்க்கும். ஒரு முகவரியிலிருந்து நெடுநேரம் பேச்சு இல்லையெனில், அக்குறிப்பை அழித்துவிடும். பெரும்பாலான ஸ்விட்சுகளில் இதற்கு 300 விநாடிகள் என்று கணக்கு.

இங்கு ஒன்றை உன்னிப்பாகக் கவனித்தல் வேண்டும். இந்த அட்டவணையை ஸ்விட்ச் தானே கற்றுக்கொள்கின்றது. மின்சாரம் நின்று அட்டவணை அழிந்தாலும் கவலையில்லை. மீண்டும் சில நொடிகளில் கற்றுவிடும். ஆனால் தானே கற்க முடியாதவையும் உண்டு. அதன் பெயர் என்ன, எந்தெந்தத் துளை மாணவர்க்கு, எது அலுவலகத்திற்கு, எது கண்காணிப்புக் கேமராவிற்கு, கட்டளையிடும் உரிமை யாருக்கு என்பவற்றை மனிதர்தாம் சொல்லித் தருதல் வேண்டும். இவற்றின் தொகுதியையே அமைவு என்கிறோம். தானே கற்றதை ஸ்விட்ச் மறந்தால் குற்றமில்லை. நாம் சொல்லித் தந்ததை மறந்தால்தான் தொல்லை.

இனி அது விழித்தெழும் முறையைக் காண்போம். இதனை ஆங்கிலத்தில் பூட் என்பர். காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்னும் வேடிக்கையான வழக்கிலிருந்து பிறந்த சொல் அது. உறங்கும் பொறிக்கு, எழுவது எப்படி என்று சொல்லித்தரவும் ஒருவர் வேண்டும் அன்றோ? அந்த ஒருவரும் பொறிக்குள்ளேயே இருக்கின்றார்.

ஸ்விட்சில் நினைவகங்கள் பல வகை. முதலாவது, உற்பத்தியாளர் எழுதிவைத்த நிலையான நினைவகம். மின்சாரம் வந்தவுடன் முதலில் கண் விழிப்பது இதில் உள்ள சிறு நிரலே. அது உறுப்புகளைச் சோதிக்கும். பின்னர் இரண்டாவதான ஃப்ளாஷ் நினைவகத்தைத் திறந்து, ஸ்விட்சை இயக்கும் பெரிய மென்பொருளைத் தேடும். எந்தக் கோப்பை எடுப்பது என்று முன்னரே நாம் குறித்து வைத்திருந்தால், அக்குறிப்பின்படி எடுக்கும். மென்பொருளைக் கண்டதும் அதனை மூன்றாவதான வேலை நினைவகத்தில் விரித்து ஓடவிடும். இறுதியாக, சேமித்து வைத்த தொடக்க அமைவைப் படித்து, அதன் படியொன்றை வேலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதன்படி நடக்கத் தொடங்கும். அந்தப் படிக்கு நடப்பு அமைவு என்று பெயர்.

ஆகவே அமைவுகள் இரண்டு. தொடக்க அமைவு, மின்சாரம் இல்லாதபோதும் அழியாதது. நடப்பு அமைவு, மின்சாரம் உள்ளவரைதான் வாழ்வது. பல ஸ்விட்சுகளில் நாம் கட்டளை தட்டச்சு செய்யும்போது மாறுவது நடப்பு அமைவு மட்டுமே. தொடக்க அமைவு பழையபடியே இருக்கும்.

வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் பட்டுத்தறிகளைக் கண்டு வளர்ந்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804 இல் கண்ட முறை அது. எந்தப் பாவு இழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானிக்கும். நெய்பவர் தம் கையால் ஊடையின் நிறத்தை மாற்றலாம். இன்றைய சேலையில் அந்நிறம் வரும். ஆனால் அட்டையில் புதுத் துளை இடாதவரை, நாளை மற்றொருவர் தறியில் அமர்ந்தால் பழைய மயிலும் பழைய அன்னமுமே வரும். நடப்பு அமைவு நெய்பவரின் கை. தொடக்க அமைவு மேலே தொங்கும் அட்டை. கை மாற்றியதை அட்டையில் ஏற்றவில்லை எனில், மறுநாள் அது இல்லை.

நான் அறிந்த ஒரு பள்ளியில் கணினி ஆய்வகத்தைச் சீரமைத்துக் கொடுத்த பணியாளர் ஒருவர், மாலைவரை அமர்ந்து துளைதோறும் அமைவுகளைச் சரிசெய்து, எல்லாக் கணினியும் ஓடுவதைக் காட்டிவிட்டுச் சென்றார். மூன்று மாதங்கள் யாதொரு குறையும் இல்லை. ஒருநாள் இரவு மழையில் மின்சாரம் நின்று விடியலில் வந்தது. காலையில் ஒரு கணினியும் வெளியுலகைத் தொடவில்லை. அன்று பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை அனுப்ப வேண்டிய கடைசி நாள். ஸ்விட்ச் பழுதாகவில்லை, கம்பி அறுபடவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் செய்த மாற்றங்கள் சேமிக்கப்படவே இல்லை. பெட்டி தன் கடமையைச் சரியாகவே செய்தது. தன்னிடம் எழுதி வைத்திருந்த பழைய அமைவை அப்படியே படித்து எழுந்தது. பிள்ளைகள் பேருந்து ஏறி வேறிடம் சென்று விண்ணப்பத்தை அனுப்பினர்.

இத்தகைய பிழையின் இயல்பு இதுதான். செய்த அன்று அது தெரியாது. செய்தவர் சென்ற பின்னரே வெளிப்படும். ஆதலால் மாற்றத்தை முடித்தவுடன் சேமித்தல் முதற்கடமை. சிஸ்கோ ஸ்விட்சுகளில் 'காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்' என்னும் கட்டளை நடப்பு அமைவைத் தொடக்க அமைவாகப் படியெடுக்கும். வேறு சில நிறுவனங்களின் ஸ்விட்சுகளில் 'சேவ்' என்ற ஒரு சொல் போதும். ஜூனிபர் நிறுவனத்தின் பொறிகளில் முறையே வேறு: 'கமிட்' என்று உறுதி கூறும்வரை எந்த மாற்றமும் நடைமுறைக்கு வராது, கூறியதும் அது நிலைத்துவிடும், முந்தைய அமைவுகளும் வரிசையாகக் காக்கப்படும். சொல் எதுவாயினும் கருத்து ஒன்றே. சேமித்த பின், பணி இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை ஸ்விட்சை அணைத்து எழுப்பிப் பார்ப்பது நன்று. நம் கண்முன் எழுந்தால்தான், நாம் இல்லாதபோதும் அது சரியாக எழும் என்று நம்பலாம்.

மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இன்னும் விழிப்பு வேண்டும். புதிய கோப்பை ஃப்ளாஷில் ஏற்றியவுடன் பழையதை அழித்துவிடுதல் கூடாது. இடம் இருக்குமாயின் இரண்டையும் வைத்திருந்து, முதலில் புதியதை எடுக்கவும், அது எழாவிடில் பழையதை எடுக்கவும் வரிசை குறித்தல் வேண்டும். கோப்பு வழியில் சிதைந்துவிட்டதா என்பதை அறியவும் வழி உண்டு. கோப்பின் எழுத்தெல்லாம் கொண்டு கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை உற்பத்தியாளர் வெளியிட்டிருப்பார். நம் கோப்பிலும் அதே எண் வருகின்றதா என்று ஒப்பு நோக்குதல் வேண்டும். ஒரு பிட்டு மாறினாலும் எண் மாறிவிடும். இக்காலத்து ஸ்விட்சுகள் பல, உற்பத்தியாளரின் மின்கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏற்று எழவே மறுத்துவிடும்.

நினைவிழப்பையே பாதுகாப்பாகக் கொள்ளும் ஒரு நயமான முறையும் உண்டு. தொலைவில் உள்ள ஸ்விட்சிற்கு ஒருவர் தம் இடத்திலிருந்தே கட்டளை இடுகின்றார் என்று கொள்வோம். தவறான ஒரு கட்டளை இட்டால், தாம் பேசிக்கொண்டிருக்கும் பாதையையே அடைத்துவிடக்கூடும். அமர்ந்திருக்கும் கிளையை வெட்டியது போலாகும். அனுபவமுடையோர், அபாயமான மாற்றத்தைத் தொடங்குமுன், 'பத்து நிமிடம் கழித்து நீயே அணைந்து எழு' என்று முதலில் கட்டளையிடுவர். மாற்றம் நலமாக முடிந்தால் அக்கட்டளையை நீக்கிவிட்டுச் சேமிப்பர். பாதை அடைபட்டுப் போனால் வாளாவிருப்பர். பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே அணைந்து எழும்; சேமிக்காத தவறு அழியும்; பழைய நல்ல அமைவு திரும்பும்.

இனி, இந்த நினைவு தீயோர் கையில் சிக்கினால் நேர்வது யாது? 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உலகின் பல நாடுகளில் சிஸ்கோ ஸ்விட்சுகள் தாக்கப்பட்டன. புதிய ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கம்பி செருகியவுடன், அது தன் அமைவையும் மென்பொருளையும் வலை வழியே தானே பெற்றுக்கொள்ளும் வசதி ஒன்று அவற்றில் இருந்தது. ஸ்மார்ட் இன்ஸ்டால் என்பது அதன் பெயர். பணியாளர் ஊர்தோறும் செல்லும் துன்பத்தைக் குறைக்க வந்த வசதி அது. ஆனால் 'நீ யார்?' என்று அது கேட்பதில்லை. பணி முடிந்த பின் அதனை அடைக்காமல் பலர் விட்டுவிட்டனர். அவ்வாயில் வழியே நுழைந்தோர் ஸ்விட்சுகளின் தொடக்க அமைவை மாற்றி எழுதினர். சிலவற்றில் அமெரிக்கக் கொடியின் உருவத்தையும், எங்கள் தேர்தல்களில் தலையிடாதே என்னும் பொருள்பட ஒரு வாசகத்தையும் விட்டுச் சென்றனர். ஈரானில் மட்டும் சுமார் 3,500 ஸ்விட்சுகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அமைச்சகம் அறிவித்தது. அமைவின் நகலைத் தனியே வேறோர் இடத்தில் காத்து வைத்திருப்போருக்கு இத்தகைய இடரிலிருந்து மீள்வது சில மணி நேர வேலை. நகல் இல்லாதவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

'நீ யார்?' என்று கேளாத வாயிலே அத்துணைக் கேட்டிற்கும் காரணம். இது நம்மை இரண்டாம் கேள்விக்கு இட்டுச் செல்கின்றது.

ஸ்விட்சிற்குக் கட்டளை இடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் விவரம் உண்டு. ஆங்கிலத்தில் புரொஃபைல் என்பர். அதில் மூன்று செய்திகள் இருக்கும்: அவர் பெயர், அவர் அவரே என்பதற்குச் சான்றாகும் கடவுச்சொல் அல்லது சாவிக் கோப்பு, அவருக்குரிய அதிகாரத்தின் எல்லை. சிஸ்கோ ஸ்விட்சுகளில் இவ்வெல்லையை 0 முதல் 15 வரை படிகளாக வகுத்துள்ளனர். முதலாம் படியில் இருப்பவர் நிலைமையைப் பார்வையிடலாம். எதையும் மாற்ற இயலாது. பதினைந்தாம் படியில் இருப்பவர் எதையும் செய்யலாம். இடையிலுள்ள படிகளுக்கு இன்னின்ன கட்டளைகள் என்று நாமே வகுத்துக் கொடுக்கலாம். வேறு நிறுவனங்கள் படிகளுக்கு மாறாக, பார்வையாளர், இயக்குநர், நிர்வாகி என்று பொறுப்புகளால் பகுப்பர்.

பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டை எழுதுபவர் வகுப்பாசிரியர். மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடுபவர் தலைமையாசிரியர். பணப் பேழையின் சாவி எழுத்தரிடம். எல்லாச் சாவியும் எல்லோரிடமும் இருப்பது நம்பிக்கையின் அடையாளம் அன்று; ஒழுங்கின்மையின் அடையாளம். ஸ்விட்சிலும், விளக்கு எரிகின்றதா என்று மட்டும் பார்க்க வேண்டியவருக்குப் பதினைந்தாம் படி தேவையில்லை. அவர் தீயவர் என்பதனால் அன்று. கை தவறி ஒரு கட்டளை விழுந்தாலும் கேடு நேராதிருக்கவே இந்த எல்லை. அது அவரையும் காக்கின்றது.

நால்வர் சேர்ந்து ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வழங்குவது நம் அலுவலகங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். இதில் இரண்டு குறைகள் உள. ஸ்விட்ச், யார் எப்போது நுழைந்தார், என்ன மாற்றினார் என்று குறிப்பு எழுதக் கூடியது. நால்வருக்கும் ஒரே பெயர் எனில், அக்குறிப்பினால் பயனில்லை. குற்றம் செய்தவர் தப்புவார், செய்யாதவர் ஐயத்திற்கு ஆளாவார். மேலும், நால்வருள் ஒருவர் பணி மாறிச் சென்றால், ஏனைய மூவரும் புதுச்சொல் கற்றல் வேண்டும். அத்தொல்லைக்கு அஞ்சிச் சொல்லை மாற்றாமலே விட்டுவிடுவர். தனித்தனிப் பெயர் இருந்தால், சென்றவரின் பெயரை மட்டும் நீக்கினால் போதும்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பொறிகளில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் இட்டு அனுப்புவதுண்டு. அதனை மாற்றாமல் விடுவதன் விளைவை உலகம் 2016 இல் கண்டது. மிராய் என்னும் தீநிரல், கேமராக்களையும் வீட்டு இணையப் பெட்டிகளையும் தேடித் தேடி, தொழிற்சாலைச் சொற்களில் அறுபது அளவே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. பல்லாயிரம் பொறிகளின் கதவு திறந்தது. அவற்றை ஒரு படையாகத் திரட்டி, அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள் டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது, பெயர் பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் திறக்கவில்லை.

கடவுச்சொல் வலிதாக இருந்தாலும், அது செல்லும் வழியும் காப்புடையதாக இருத்தல் வேண்டும். தொலைவிலிருந்து கட்டளை இட 1969 இல் தோன்றிய டெல்நெட் முறையில், சொல் திறந்த அஞ்சலட்டை போல வெளிப்படையாகச் செல்லும். வழியில் இருப்பவர் எவரும் படிக்கலாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் அவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அங்கிருந்த டாட்டு யிலோனென் என்பவர் அதனைக் கண்டு 1995 இல் எஸ்எஸ்எச் என்னும் முறையை ஆக்கினார். இதில் எல்லாம் மறைகுறியாக உறையிட்டுச் செல்லும். இன்று ஸ்விட்சை அமைப்போர் செய்யும் முதற் பணிகளில் ஒன்று, டெல்நெட் வாயிலை அடைத்து எஸ்எஸ்எச் வாயிலை மட்டும் திறந்து வைப்பது.

ஸ்விட்சுகள் நூற்றுக்கணக்கில் உள்ள பெரிய நிறுவனங்களில், ஒவ்வொன்றிலும் எல்லோர் பெயரையும் எழுதி வைப்பது இயலாது. அங்கே நடுவில் ஒரு சரிபார்ப்புச் சர்வர் இருக்கும். ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் அதனிடம் கேட்டே அனுமதி தரும். அவ்வாறாயினும், ஸ்விட்சிலேயே ஒரு பெயரை எழுதி வைத்திருத்தல் அவசியம். சர்வருக்குச் செல்லும் பாதை அறுந்த அன்று, அதனைச் சரிசெய்ய உள்ளே நுழைய வேறு வழி இராது.

கட்டளை இடுவோருக்கு மட்டும் அன்றி, வலையைப் பயன்படுத்துவோருக்கும் விவரம் உண்டு. மாணவர் ஒருவர் தம் கணினியைத் துளையில் செருகியவுடன், 'நீ யார்?' என்று கேட்டு, விடைக்கு ஏற்ப அவரை உரிய பிரிவில் சேர்க்கும் திறமும் ஸ்விட்சிற்கு உண்டு. இப்பிரிவுகளுக்கு வி-லேன் என்று பெயர். ஒரே பெட்டி, ஒரே கம்பிக்கட்டு. ஆயினும் மாணவர் பிரிவின் பொதி அலுவலகப் பிரிவிற்குள் நேராகச் செல்லாது. ஒரு வலையில் 4,094 பிரிவுகள் வரை வகுக்க எண்முறை இடம் தருகின்றது. பள்ளிக்கு மூன்றோ நான்கோ போதும்.

பிரிவுகள் சரியாக வகுக்கப்படாவிடில் நேரும் இடரைப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பர் 23 ஆம் நாள் கண்டது. வெளியார் நுழைந்து ஐந்து சர்வர்களைத் தாக்கி, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவைப் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டனர். வலையை உரிய முறையில் பகுக்காதிருந்தமையே இடம் கொடுத்தது என்று நடுவணரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளிகளின் பதிவையும் பரிசோதனை முடிவுகளையும் பல நாள் தாளில் எழுதி நடத்தினர். நெடுந்தொலைவிலிருந்து வந்து வரிசையில் நின்ற ஏழை நோயாளி, வி-லேன் என்னும் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். அதன் விளைவை அவரே சுமந்தார்.

இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்திற்கு வந்துவிட்டோம். கடவுச்சொல்லை மறந்துவிட்டவர் என் செய்வார்? உற்பத்தியாளர் அதற்கு ஒரு வழி வைத்துள்ளார். பல ஸ்விட்சுகளில், முகப்பில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், அது முழுதும் எழாமல் முதல் நிரலோடு நின்றுவிடும். அந்நிலையில் தொடக்க அமைவைப் படிக்காமல் எழச் செய்யலாம். அமைவு படிக்கப்படவில்லை எனில், அதில் எழுதிய பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் இல்லை. யாரையும் கேளாமல் ஸ்விட்ச் திறந்து நிற்கும். அதாவது, விழித்தெழும் முறையைத் தன் கையில் வைத்திருப்பவர், எல்லாப் பயனர் விதிகளுக்கும் மேலானவர் ஆகிவிடுகின்றார். மறந்தவருக்கு இது மீட்பு. தீயவருக்கு இதுவே வாயில். இவ்வழியை அடைத்துவைக்கவும் சில ஸ்விட்சுகளில் கட்டளை உண்டு. ஆனால் அடைத்தபின் சொல்லை மறந்தால், அமைவு முழுவதையும் அழித்தே மீளுதல் வேண்டும். எனவே ஸ்விட்சை வராந்தாவில் எவர் கைக்கும் எட்டும்படி வைத்துவிட்டு, உள்ளே பெரிய கடவுச்சொற்களை எழுதுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேழையைப் பூட்டுவது போன்றது. பெட்டியைப் பூட்டிய அலமாரியில் வைப்பதும் அமைவின் ஒரு பகுதியே.

அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது என்று மாநில அரசின் நிறுவனம் ஒன்று பணி மேற்கொண்டது. இத்தகைய பெட்டிகள் இனி ஊர்தோறும் இருக்கும். அவற்றைக் காப்பவர் பெரும்பாலும் பொறியியல் பட்டதாரியாக இரார். ஓர் ஆசிரியராகவோ எழுத்தராகவோ இருப்பார். அவருக்கு ஒரு பழைய வழக்கம் துணை செய்யும். தலைமையாசிரியர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று எழுதுவது மரபு. நூலகச் சாவி எத்தனை, பணிப்பதிவேடுகள் எத்தனை, ஆய்வகத்தில் தராசு எத்தனை என்று எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிடுவர். அப்பட்டியலில் இன்னும் நான்கு வரிகள் சேர்தல் வேண்டும்: ஸ்விட்சின் அமைவு நகல் இருக்கும் இடம், அது எந்த மென்பொருளிலிருந்து எழுகின்றது என்பது, நிர்வாகியின் கடவுச்சொல் அடங்கிய, முத்திரையிட்ட உறை, சென்றவர்களின் பயனர் பெயர் நீக்கப்பட்டதா என்பது. ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் கடவுச்சொல், அவர் ஓய்வு பெறும் நாளில் பள்ளியின் கதவைப் பூட்டிவிடும்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் ஆய்வகத்திற்குள் நுழையும்போது, பொறுப்பாசிரியரிடம் பணிவுடன் இரண்டு செய்திகளைக் கேட்டு அறியுங்கள்: "ஐயா, இந்த ஸ்விட்சின் அமைவு கடைசியாக எந்நாளில் சேமிக்கப்பட்டது? இதற்குக் கட்டளை இடும் உரிமை உடையோர் எத்தனை பேர்?" விடை உடனே கிடைத்தால், அவ்வாய்வகம் நல்லவர் கையில் இருக்கின்றது. கிடைக்கவில்லை எனில், அன்றே அவருடன் அமர்ந்து விடையைத் தேடி ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுதாதீர்கள்.